குட்டைமேல் வரும் மலைக்காற்று

தஞ்சோங் மாலிம் போகும் கம்யூட்டர் ரயிலில் ரவாங்கைத் தாண்டியதும் வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பின்னால் தித்திவங்சா மலைத்தொடர் கூடவே வரும். அடுத்த நிறுத்தம் செரண்டா. சின்ன ஊர். ரயில் நிலையம், பழைய கடைவரிசை, கொஞ்சம் தள்ளி சுங்கை சோவில் பெரோடுவா கார் தொழிற்சாலை, அதையும் தாண்டினால் செம்பனை. அருவிக்குக் குளிக்கப் போகிறவர்களின் கார்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசை கட்டி நிற்கும். அருவியைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஈயக்குட்டைகளைப் பற்றியும், அவற்றின் மேல் வீசும் காற்றைப் பற்றியும்.

இந்த வட்டாரத்தில் ஈயம் தோண்டாத இடம் குறைவு. பக்கத்து ரவாங்கில் லோக் இயூவும் நம் தம்புசாமிப் பிள்ளையும் கூட்டாக நடத்திய சுரங்கத்தில் 1894-ஆம் ஆண்டிலேயே மின்சார பம்பு வைத்துத் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். மலாயாவில் மின்சாரம் முதன்முதலில் வேலைக்கு வந்தது அங்கேதான் என்பார்கள். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலோடு சேர்த்துத்தான் தம்புசாமிப் பிள்ளையை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். சுரங்கத் தண்ணீரோடு மல்லுக்கட்டிய முதலாளி என்கிற முகம் பலருக்குத் தெரியாது. தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும், இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் பணமில்லாமல் கைவிரித்தது. விலை சரிந்தது, சுரங்கங்கள் மூடின, பம்புகள் நின்றன. பள்ளங்களில் தண்ணீர் ஏறியது. மேற்கே பெஸ்தாரி ஜெயாவில் (பெரியவர்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) இப்படி நூற்றுக்கணக்கான குட்டைகள் கிடக்கின்றன. செரண்டா, பத்தாங்காலி பக்கமும் செம்பனைக்கு நடுவே அங்கங்கே பார்க்கலாம்.

குட்டை என்ற சொல் ஏமாற்றும். ஊர்க்குளம்போல இது சரிந்து சரிந்து ஆழமாகாது. கரையில் வெள்ளை மணல் கடற்கரையைப் போலப் பரந்திருக்கும். முழங்கால் அளவு தண்ணீரில் இரண்டடி வைத்ததும் மூன்றாவது அடிக்குத் தரை இருக்காது. மண்ணைத் தோண்டி எடுத்த சுவர் செங்குத்தாக இறங்கும். கரை மணலும் கழுவிப் போட்ட கழிவு மணல்தான், ஓரத்தில் நின்றால் இடிந்து சரியும். பள்ளி விடுமுறையில் ஈயக்குட்டையில் மூழ்கிய பிள்ளைகளைப் பற்றிய செய்தியை நம் நாளிதழ்களில் எத்தனை முறை படித்திருப்போம்.

இப்போது குட்டைகளுக்குப் புது விருந்தாளிகள் வருகிறார்கள். தூண்டில்காரர்கள் என்றும் உண்டு. அவர்களோடு காயாக் தள்ளுகிறவர்கள், பலகைமேல் நின்று துடுப்புப் போடுகிறவர்கள். கைட் போர்டிங் ஆடுகிற யாரையும் செரண்டாவில் நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் அந்த எண்ணத்தோடு வந்த ஒருவனை எனக்குத் தெரியும். அவன் என் அக்காள் மகன்.

சென்ற ஆண்டு இலங்கைக்குப் போய் கற்பிட்டியில் பத்து நாள் தங்கி இதைக் கற்றுக்கொண்டு வந்தான். சுற்றிப் பார்க்கக் கூட்டிப் போனபோது ஒரு குட்டையின் மேட்டில் நின்று கண்ணை எடுக்காமல் பார்த்தான்.

“மாமா, தண்ணி எவ்வளவு சமமா இருக்கு பாருங்க. அலையே இல்ல. மத்தியானம் காத்தும் வருது. பாலோக் வரைக்கும் ஏன் போகணும்? இங்கேயே ஓட்டலாமே.”

“காத்து எந்தப் பக்கமிருந்து வருது?” என்று கேட்டேன்.

கையை நீட்டி மேற்கைக் காட்டினான். சரிதான். அப்போது மணி இரண்டு.

கைட் போர்டிங் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காலில் ஒரு பலகை. இடுப்பில் பட்டை. பட்டையிலிருந்து இருபது மீட்டருக்கு மேல் நீளமான கயிறுகள், அவற்றின் நுனியில் ஒரு பெரிய பட்டம். பட்டத்தின் விளிம்புக் குழாயில் காற்றடைத்திருப்பதால் தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும், மறுபடி எழும்பும். பிரான்ஸைச் சேர்ந்த லெகென்யூ சகோதரர்கள் இதற்கு 1984-இல் காப்புரிமை கேட்டார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இது முதன்முறையாகப் போட்டியானது. பக்கத்துச் சிங்கப்பூரின் மேக்ஸ் மேடர், பதினேழு வயதுப் பையன், தன் நாட்டின் தேசிய நாளான ஆகஸ்டு 9 அன்று வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டி நடந்த மார்செய் கடலில் காற்று சரியாக வராததால் முந்தைய நாள் நடக்க வேண்டிய ஓட்டத்தைத் தள்ளிப்போட்டார்கள். ஒலிம்பிக் அதிகாரிகளே கரையில் உட்கார்ந்து காற்றுக்குக் காத்திருந்தார்கள்.

தோட்டத்துப் பிள்ளைகளாக நாம் விட்ட பட்டத்துக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம்தான். நம் பட்டம் அறுந்தால் பட்டம் போகும். இதில் பட்டம் போகும்போது ஆளும் கூடப் போவான்.

காற்றின் கணக்கு நம் உள்ளுணர்வுக்குப் பிடிபடாதது. வேகம் இரட்டித்தால் பட்டத்தின் இழுவை இரண்டு மடங்காகும் என்று நினைப்போம். நான்கு மடங்காகும். மணிக்கு 25 கிலோமீட்டர் காற்றில் சுகமாக இழுக்கிற அதே பட்டம், காற்று 75 கிலோமீட்டரானால் ஒன்பது மடங்கு விசையோடு இழுக்கும். கைப்பிடியைத் தள்ளிப் பட்டத்தின் சாய்வைக் குறைத்து இழுவையைத் தணிக்கலாம், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2008 ஆகஸ்டில் ஃபே புயல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவை நெருங்கியபோது ஃபோர்ட் லாடர்டேல் கடற்கரையில் ஒருவர் பட்டத்தை ஏற்றினார். மழைமேகப் பட்டை ஒன்று கடந்தபோது வந்த வீச்சு அவரைத் தூக்கிக் கடற்கரை மணலில் அறைந்து, இழுத்துக்கொண்டு போய்ச் சாலைக்கு மறுபக்கக் கட்டடத்தில் மோதவிட்டது. உயிர் பிழைத்தார். அந்தக் காட்சிப்பதிவை உலகத்தில் கைட் போர்டிங் கற்றுக்கொள்ளும் பலருக்கும் போட்டுக் காட்டுகிறார்கள். என் மருமகனும் கற்பிட்டியில் பார்த்திருக்கிறான்.

“அது புயல், மாமா. இங்க ஏது புயல்?” என்றான்.

இங்கேதான் செரண்டாவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

கற்பிட்டி, புத்தளம் பக்கம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று நாள்தோறும் ஒரே திசையில் வீசும். அந்தக் கரையோரத்தில் காற்றாலைகளை வரிசையாக நட்டு மின்சாரம் எடுக்கிறார்கள் என்றால் காற்றின் நாணயத்தைப் புரிந்துகொள்ளலாம். இந்தியாவில் ராமேஸ்வரம் பக்கமும் இதே கதைதான், அங்கும் பட்டம் கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். நம் தீபகற்பமோ நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் இங்கே காற்று பொதுவாக மெல்லியது. நடுவில் சுமத்ரா தீவு மலைகளோடு குறுக்கே நிற்கிறது. வடகிழக்குப் பருவக் காற்றை நமக்கு முன்னால் தித்திவங்சா தடுத்துவிடுகிறது. ஆகவே செரண்டாவில் பெரும்பாலான நாட்களில் ஒரு கைட்டைத் தூக்கும் அளவுக்குக் காற்றே இருக்காது. அப்படியொரு நல்ல காற்று திடீரென்று கிளம்புகிறதென்றால், பெரும்பாலும் அது இடிமழை அனுப்பிய காற்று. நாள்பட ஓட்டுவதற்கான காற்று அது அல்ல. விளையாட்டுக்காரன் எந்த நிமிடத்தில் “ஆஹா, வந்துவிட்டது” என்று மகிழ்கிறானோ, அந்த நிமிடத்தில்தான் அவன் கரையேற வேண்டும்.

மதியக் காற்று எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். காலை வெயிலில் நிலமும் மலைச்சரிவும் சூடாகின்றன. சூடான காற்று மேலே போகிறது. அந்த இடத்தை நிரப்பக் கோலசிலாங்கூர்க் கடற்கரைப் பக்கமிருந்து, தஞ்சோங் காராங் வயல்களையும் செம்பனைத் தோட்டங்களையும் கடந்து, கடற்காற்று கிழக்கே வருகிறது. குட்டையின் மேல் மத்தியானம் வரும் மேற்குக் காற்றில் இதற்குப் பெரிய பங்குண்டு. மலையில் முட்டி அது மேலேறுகிறது. ஒரு மணிக்கு மலைமுகட்டில் பஞ்சுப்பொதிபோல இருந்த மேகம் இரண்டரைக்குள் காலிஃபிளவர் அடுக்கினதுபோல வளர்ந்துவிடும். வளரும் மேகம் கீழிருந்து காற்றை உறிஞ்சும். மேற்குக் காற்று கொஞ்சம் வலுக்கும். விளையாட்டுக்காரனுக்கு ஆசை காட்டுவது இந்த நேரம்.

பிறகு காற்று நின்றுபோகும். இலை அசையாது. புழுக்கம் தாங்காது. “மழை வரப்போவுது, துணிய எடு” என்று வீட்டில் குரல் கேட்கும் நேரம். மலையில் அதற்குள் மழை தொடங்கியிருக்கும். மழையோடு சேர்ந்து குளிர்ந்த, கனமான காற்று மேகத்திலிருந்து கீழே விழும். தரையில் மோதி, வாளித் தண்ணீரைச் சிமெண்டுத் தரையில் கொட்டியதுபோல எல்லாப் பக்கமும் பரவும். மலையிலிருந்து நம் பக்கம் அது கிழக்குக் காற்றாக வரும். மழைக்குப் பல கிலோமீட்டர் முன்னாலேயே வந்துவிடும். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வரும். ஒரு நிமிடத்துக்குள் ஓய்விலிருந்து மணிக்கு 50, 60 கிலோமீட்டர், அதுவும் நேர் எதிர்த் திசையில்.

இப்போது குட்டை நடுவில் பட்டத்தோடு ஒருவனை நிறுத்திப் பாருங்கள். மேற்குக் காற்றில் ஏறியவன் அவன். காற்று தன்னைத் தள்ளக்கூடிய கிழக்குக் கரையைத்தான் பார்த்து வைத்திருப்பான்: அந்தப் பக்கம் மரமுண்டா, வேலியுண்டா, மின்கம்பி உண்டா என்று. முதுகுப் பக்கத்து மேற்குக் கரையைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. கார் நிற்பதும், நண்பர்கள் நிற்பதும் அங்கேதான். காற்று நின்றதும் பட்டம் கிழக்கே தண்ணீரில் விழும். கயிறுகள் தொய்ந்து தண்ணீரில் கிடக்கும். பலகையைத் தேடி நீந்துகிறவனின் காலிலும் கையிலும் அவை சுற்றிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து மலைக்காற்று இறங்கினால், கிழக்கே கிடந்த பட்டம் எழும்பி அவன் தலைக்கு மேலாக மேற்கே பாயும். முறுக்கிக்கொண்ட கயிறு கைக்குக் கட்டுப்படாது. கடலில் இப்படி நடந்தால் இழுபட்டுப்போக இடமிருக்கும். குட்டையில் 250 மீட்டர்தான் அகலம் என்றால், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இழுபடுகிறவனுக்கு அரை நிமிடத்தில் கரை. அவன் சோதிக்காத கரை. அங்கே செம்பனை, கம்பிவேலி, நிறுத்தி வைத்த கார்.

ஏரி கடலைவிடச் சாது என்று நினைப்பது இந்த விளையாட்டில் தவறான எண்ணம். கடற்காற்றுக்கு நடுவில் தடை எதுவும் இல்லை, ஒரே சீராக வரும். குட்டையைச் சுற்றி மரம் நின்றால், அதற்குப் பின்னால் நூறு மீட்டர் வரைகூடக் காற்று சுழன்று கலங்கித்தான் வரும். ஒரு நொடி இழுக்கும், மறுநொடி விட்டுவிடும்.

உலகத்தில் ஏரிக்காற்றோடு பழகியவர்கள் இதை அறிந்துதான் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பெரிய ஏரிகளில் கரையைச் சுற்றி ஆரஞ்சு விளக்குகள் உண்டு. காற்று வலுக்கலாம் என்றால் நிமிடத்துக்கு 40 முறை மினுக்கும். புயற்காற்று நெருங்கிவிட்டால் 90 முறை. நடு ஏரியில் இருப்பவனும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அங்கேயும் மலை, ஏரி, திடீர்க் காற்று, எல்லாம் நம்மைப் போலத்தான். நம் குட்டைகளில் மூங்கில் கம்பத்தில் ஒரு துணி கட்டியிருந்தால்கூட அதிகம். வானிலைத் துறை இடிமழை எச்சரிக்கையைத் தன் ‘மைச்சுவாச்சா’ செயலியில் சில மணி நேரத்துக்கென்று வெளியிடுகிறது. நல்ல வசதி. ஆனால் அந்த எச்சரிக்கை ஒரு மாவட்டத்துக்கே பொதுவானது, தொலைபேசியோ கரையில் பைக்குள் இருக்கிறது.

காலையில் போனால் என்ன என்று கேட்கலாம். மருமகனும் கேட்டான். காலைக்கென்று இன்னொரு காற்று இருக்கிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையில் இரவில் திரண்டு, விடியற்காலையில் நம் மேற்குக் கரையில் ஏறும் மழைக்காற்று அது. சுமத்ரா என்றே அதற்குப் பெயர். கறுப்புச் சுவர்போல வடக்குக்கும் தெற்குக்கும் நீண்ட ஒரே மேகவரிசை. மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். 2024 செப்டம்பர் 17 அன்று மாலையில் இப்படியொரு சுமத்ரா சிங்கப்பூரைத் தாக்கி 300-க்கு மேற்பட்ட மரங்களைச் சேதப்படுத்தியது. மாலையிலும் வரும் என்பதற்கு அது சாட்சி.

பால்மரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காற்றை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போகிற நேரத்தில்தான் அது வரும். லயத்துத் தகரக்கூரை ஒரு முறை தூக்கிப் போட்டதுபோல அதிரும். பட்டை நனைந்துவிட்டால் அன்றைக்குப் பால்வெட்டு இல்லை, வெட்டினாலும் பால் கோட்டில் நிற்காமல் மரமெல்லாம் வழியும். வேலையில்லை என்றால் கூலியும் இல்லை. நிரையில் நடுவாக முறிந்து கிடக்கும் மரங்களைக் கங்காணி எண்ணிக்கொண்டு போவார். என் பாட்டி முற்றத்தில் நின்று மேற்கே பார்ப்பாள். அடிவானம் கறுத்து, அதற்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வெளுப்புத் தெரிந்தால், “அடுப்ப மூட்டாதே, காத்து வருது” என்பாள். அந்த வெளுப்புதான் மழை. செயலி இல்லாமல் அவள் சொன்னது அநேகமாகத் தப்பாது. காலையில் மேற்கைப் பார், மத்தியானம் கிழக்கைப் பார் என்பது கோலசிலாங்கூருக்கும் தித்திவங்சாவுக்கும் நடுவில் வாழ்ந்த ஒரு தலைமுறைக்குப் பாடம். செம்பனை வந்து, தோட்டத்தைவிட்டு அடுக்குமாடிக்குப் போன பிறகு அந்தப் பார்வை போய்விட்டது. இதைச் சொன்னால் பழைய பெருமை பேசுகிறேன் என்பார்கள். பேசிவிட்டுப் போகிறேன்.

பட்டம் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். பலகைமேல் நிற்கிறவன் உடம்பே ஒரு பாய்மரம். ரப்பர்ப் படகில் பிள்ளையை வைத்துக்கொண்டு நடுக்குட்டைக்குப் போன தகப்பனுக்கும் எதிர்க்காற்றில் திரும்பிவர முடியாமல் போகலாம். மிதவைச் சட்டை போட்டிருந்தால் மறுகரையில் ஒதுங்குவார்கள். மறுகரையும் செங்குத்து என்பதை மறக்க வேண்டாம்.

காற்று மாறுவதற்கு முன் தண்ணீரே சொல்லும். தூரத்துக் கரையோரம் தண்ணீர் திடீரென்று கறுத்து, அந்தக் கறுப்பு உங்களை நோக்கி நகரும். வீச்சுக்காற்று தண்ணீரைத் தொட்டுக்கொண்டு வருகிற தடம் அது. அதற்கும் முன்னால் காற்றில் ஒரு குளிர்ச்சி, மண்வாசனை. பட்டம் ஏற்றியிருப்பவன் இதில் எதைக் கண்டாலும் உடனே இறக்க வேண்டும். “இன்னும் ஒரே ஒரு சுற்று” கூடாது. இறக்க நேரமில்லை என்றால் இடுப்புப் பட்டைக்கு முன்னால் இருக்கும் அவிழ்ப்புப் பிடியைத் தள்ளிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும். பட்டம் பல ஆயிரம் வெள்ளி விலை என்பதால்தான் பலர் அந்த நொடியில் தயங்குகிறார்கள். இடி கேட்ட பிறகு நனைந்த கயிற்றின் நுனியில் ஒரு பட்டத்தை வானத்துக்கு அனுப்பி வைத்திருப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டில் ஏறக்குறைய பாதி நாட்கள் இடி முழங்கும் நாடு இது.

அன்றைக்கு நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மேற்குக் காற்று நின்றது. மருமகன் கவனித்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. கிழக்கே மலை தெரியவில்லை, அந்த இடத்தில் ஒரு சாம்பல் திரை. மூன்று இருபதுக்குக் குட்டையின் மறுகரைச் செம்பனை ஓலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நம் பக்கம் திரும்பின. தண்ணீர் கறுத்தது. அவன் தலையிலிருந்த தொப்பி பறந்து, எங்களுக்குப் பின்னால் மேற்கே, வேலியைத் தாண்டி விழுந்தது. அவன் தொப்பியைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தான். தண்ணீர் கறுத்ததிலிருந்து காற்று எங்கள்மேல் மோதும் வரை எத்தனை நொடி என்று எண்ணியிருக்கிறான். “பன்னெண்டு, மாமா” என்றான். பட்டத்தை இறக்கிக் கையில் பிடிக்க, உதவிக்கு ஆளிருந்தாலும், அதைவிட அதிக நேரம் ஆகுமாம்.

ஜனவரியில் குவாந்தானுக்குப் பக்கத்திலிருக்கும் பாலோக்கில் அறை பதிவு செய்திருக்கிறான். வடகிழக்குப் பருவத்தில் அங்கே கடலிலிருந்து காற்று நாள்கணக்கில் ஒரே திசையில் வரும், கற்றுக்கொடுக்கவும் கரையில் நின்று பார்க்கவும் ஆள் இருக்கிறார்கள். கடல் கொந்தளிக்கும் நாட்களில் செங்கொடி ஏற்றுவார்கள், அன்றைக்கு இறங்க முடியாது. அவன் அம்மா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “ஏன்டா தம்பி, அவ்வளவு தூரம் போகச் சொல்லிட்டியாமே?” என்று கோபித்துக்கொண்டாள்.

செரண்டாவுக்குப் போகிறவர்கள் காலை ரயிலில் போய், கடைவரிசையில் பசியாறிவிட்டு, குட்டைப் பக்கம் நடந்து வாருங்கள். மீன்கொத்தியும் கொக்கும் நிறைய. கரை ஓரத்துக்குப் போகாமல் மேட்டிலேயே நில்லுங்கள். பிற்பகலில் தூண்டில்காரர்களைக் கவனியுங்கள். மழை இன்னும் வராது, வெயில்கூட அடிக்கும். அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, தூண்டிலை மடக்கி, வாளியைத் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளை நோக்கி நடப்பார்கள். யாரும் யாருக்கும் சொல்வதில்லை.